அக்காவின் கப்பலில் கூடிப்போன எட்டு முழம்

சென்ற வருடம், அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள், வீடு கழுவி முடிந்ததும் தணலில் குங்கிலியம் போட்டார்கள். வந்திருந்தவர்களுக்கு அது கிரியையின் மணம். எனக்கு அது கப்பலின் மணம். சிரட்டையில் எண்ணெயைக் காய்ச்சி, குங்கிலியப் பொடியைத் தூவி, ஈர்க்கால் கிண்டிக் கிண்டி அக்கா பதம் பார்ப்பார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை அடைத்து, அதன்மேல் அந்தப் பாகைத் தடவுவார். பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் குசினியில் கறி மணத்த நாளைவிட அது மணத்த நாள்தான் அதிகம். நான் சபையில் இருக்க முடியாமல் எழுந்து வளவுக்குள் போய் நின்றேன். அன்றே அக்காவைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னால் முடியவில்லை. வருடம் திரும்பும் ஆட்டைத் திவச மலருக்காவது எழுதுகிறேன். இது புகழுரை மட்டுமல்ல. வாசிக்கிறவர்கள் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

அக்கா வடமராட்சிக் கடலோரத்தில் பிறந்தவர். எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளை. நான் கடைசி. இடையில் பிறந்த மூவர் தங்கவில்லை. பதினான்கு வயது மூத்தவர் என்பதால் என்னைத் தூக்கி வளர்த்ததும் அவர், எழுத்துக் கூட்டப் பழக்கியதும் அவர், நான் பொய் சொல்லும்போது என் காது சிவப்பதைக் கண்டுபிடித்ததும் அவர். அவருடைய படிப்பை எட்டாம் வகுப்புடன் மறித்துவிட்டார்கள். கணக்கிலும் சித்திரத்திலும் அவருக்கு இருந்த கூர்மை, பின்பு ஆசிரியனான எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

பத்தொன்பதாம் வயதில் முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் பாய்க்கப்பலின் தண்டயல்; அதாவது கப்பலை நடத்துகிறவர். குறைவாகப் பேசுகிற, நிறையச் சிரிக்கிற மனிதர். கல்யாணமாகி ஆறாம் வருடம், இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பு, தூத்துக்குடியிலிருந்து ஓடு ஏற்றிக்கொண்டு வந்த அந்தக் கப்பல் முல்லைத்தீவுக் கரையைக் கண்ணால் காணும் தூரத்தில் கவிழ்ந்தது. அத்தானோடு சேர்த்து ஏழு பேர். ஒருவரும் மீளவில்லை. பெரிய பாய்மரம் மட்டும் மூன்றாம் நாள் கரைக்கு வந்தது.

துக்கத்தை அக்கா தாங்கினார். அதன்பின் எழுந்த கதையைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. "தண்டயல் ஆசைப்பட்டு அளவுக்கு மிஞ்சி ஓடு ஏத்திப்போட்டான்" என்று கரை முழுவதும் பேசியது. ஓர் அந்தியேட்டி வீட்டில், அக்கா போய் இருந்த பாயிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். இருவரும் அந்தக் கப்பலில் போனவர்களின் மனைவிமார். அக்கா தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம். அந்த வாரமே சீலைப் பெட்டியுடன் கிளிநொச்சிக்கு வந்துவிட்டார். ஐயாவுக்கு அப்போது இரணைமடுத் திட்டத்தில் காணி கிடைத்து, நாங்கள் காடு வெட்டி, வரம்பு கட்டி, மலேரியாவோடும் யானையோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். அக்கா நாற்று நட்டார், சூடடித்தார், பிறகு ஐயாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தார். கடலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கை திறந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு போகம் மழை பொய்த்து, வயலில் வேலையில்லாமல் இருந்த நாட்களில், வேலி முருக்கங்கட்டை ஒன்றை எடுத்து அக்கா ஒரு சிறு தோணி செதுக்கினார். அடுத்தது ஒரு வத்தை, சரக்கேற்றும் வள்ளம். பிறகு இரட்டைப் பாய்மரக் கப்பல். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து துணிகள் இறங்க, கப்பல்கள் ஏறின. அயலவர் பகிடி பண்ணினார்கள். "குடிக்கத் தண்ணியில்லை, உன்ரை கொக்கா கப்பல் விடுறா போலை கிடக்கு" என்று என்னிடம் கேட்ட பக்கத்துக் காணிக்காரருக்கு, அக்கா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "ஓம், தண்ணி வந்தால் உமக்கு இடமில்லை" என்றார்.

அவற்றில் அழகுக்கென்று ஒன்றும் இருக்காது. ஒரு உறவுப் பெண் வந்து, "சிவப்பு அடிச்சால் சோக்காயிருக்கும் அக்கா" என்றபோது, "கப்பலிலை சிவப்பில்லைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மெய்யான கப்பலில் என்ன இருந்ததோ அது, எத்தனை இருந்ததோ அத்தனை. கயிறு, தையல் நூலை முறுக்கித் தேன்மெழுகு பூசியது. நங்கூரம், உடைந்த குடைக் கம்பி. பாய், கோதுமை மாச் சாக்குத் துணி. துணியையும் ஊசியையும் சைக்கிளில் கொண்டுவந்து தருபவர் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவர். நாங்கள் நானா என்று அழைப்போம்.

அப்படியிருக்க, ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தக் கப்பலைக் கட்டப் போறன்."

எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை.

"அளவு பிசகாமல் கட்டி, அவர் ஏத்தின பாரத்தை ஏத்தி, காத்துக்கை விட்டுப் பாப்பம். சனம் என்னவும் சொல்லும். கப்பலுக்கு ஆரோடை கோவம்?"

அன்று முதல் அது பொழுதுபோக்கு அல்ல, வழக்கு. அக்காதான் வழக்காளி, அக்காதான் நீதவான். அத்தான் கூண்டில்.

கப்பலைக் கட்டிய ஓடாவியார் அப்போது கண் மங்கிப்போய் வல்வெட்டித்துறைப் பக்கம் உயிரோடு இருந்தார். அக்கா அவருக்கு எழுதிய கடிதங்கள் முப்பதுக்குக் குறையாது. நீளம் ஐம்பத்துநாலு முழம், இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம் என்று ஓடாவியார் தன் பேரனைக் கொண்டு பதில் எழுதுவிப்பார். ஒரு முழத்துக்கு அரை அங்குலம் என்று அக்கா அளவு வைத்தார். பூவரசங் கொப்புகளில் இயல்பாக வளைந்தவற்றைத் தேடித் தேடி விலாக் கட்டைகள் செய்தார். ஒரு பக்கம் முழுவதும் பலகை அறைந்தபின், விலா இருபத்தொன்பது அல்ல, முப்பத்தொன்று என்று ஓடாவியார் திருத்தி எழுதினார். அக்கா கடிதத்தை மடித்து வைத்தார். அன்று பின்னேரமே அந்தப் பக்கம் முழுவதையும் கழற்றிவிட்டார். "ரெண்டு விலாதானே, வெளியிலை தெரியாதே" என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றார்.

அத்தான் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில் பாரம் அறுபது தொன் என்று இருந்தது. நீளம் முப்பத்தாறில் ஒன்றானால் பாரம் எவ்வளவாகக் குறைய வேண்டும் என்று கணக்குப் போட்டது நான். மூன்று இறாத்தலுக்குச் சற்றுக் குறைந்த மணல். அந்தக் கணக்கில் பிழையில்லை. இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாம்.

பாய்மரத்தின் உயரம் மட்டும் ஓடாவியாருக்குத் தெரியாது. மரம் நிறுத்தியது தண்டயலின் பொறுப்பு என்று எழுதிவிட்டார். ஆனால் மரம் இருந்தது. கரையொதுங்கியதை முல்லைத்தீவில் வள்ளமும் வலையும் உடைய ஒரு சம்மாட்டியாரின் தகப்பனார் கடற்கரையில் நட்டு, கடலுக்குப் போனவர்களுக்கு அடையாளமாக அதில் விளக்கு ஏற்றி இழுத்தார். அக்காவுக்கு அந்தக் கரையை மிதிக்க மனமில்லை. என்னை அனுப்பினார்.

நான் ஓரிடத்தில் இருக்க மாட்டாதவன். ஐந்து பள்ளிக்கூடம் மாறியவன். புளியங்குளத்தில் ஒரு வருடம் இருந்ததே என் வாழ்வின் நீண்ட தவம். அன்றும் எனக்கு மாங்குளம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. சுடுமணலில் நின்று, விளக்கு இழுக்கும் கயிற்றை உச்சிவரை ஏற்றி இறக்கி அளந்தேன். மணலுக்கு மேலே இருபத்தாறு முழம். அடிமரத்தில் இரண்டு முழ உயரத்துக்குத் தார்க்கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. கப்பலில் இருந்த சுற்றுத்தான் என்று நினைத்தேன்.

"கீழை ஒரு ஆறு முழம் இருக்கும். ஐயா நட்டது. மண்வெட்டி தாறன், கிண்டிப் பாருங்கோவன் மாஸ்ரர்" என்றார் சம்மாட்டியார்.

"நீங்கள் சொன்னால் காணும்" என்று, இருபத்தாறையும் ஆறையும் கூட்டி முப்பத்திரண்டு என்று கடதாசியில் எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அக்கா கடதாசியை வெகுநேரம் பார்த்தார்.

"மரம் கொஞ்சம் துள்ளுது, தம்பி. இந்த உடம்புக்கு இது கூட."

"அளவு அதுதான்."

"கிண்டிப் பாத்தனியோ?"

"ஓம் அக்கா."

என் காது சிவந்திருக்க வேண்டும். வெயிலில் வந்த முகம் முழுவதுமே சிவந்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடத்தில் கப்பல் முடிந்தது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஒரு காலை, இரணைமடுக் குளத்தின் கரைத் தண்ணீரில், அங்கே மீன்பிடிக்கும் ஒருவரின் வள்ளத்தில் இருந்துகொண்டு அக்கா அதை இறக்கினார். மணல் முடிச்சுகளை ஓடு அடுக்கியது போல ஒவ்வொன்றாக வைத்தார். பாய் விரிந்தது. கப்பல் இருபது அடி போயிருக்கும். ஒரு வீச்சுக் காற்று வந்தது. சரிந்து, எழும்பாமல், பாய் தண்ணீரில் படியப் படுத்துவிட்டது. மீண்டும் விட்டார். மீண்டும் கவிழ்ந்தது. மூன்றாம் முறை கவிழ்ந்தபோது வள்ளக்காரர், "பாரத்தைக் குறைச்சு விடுங்கோ அக்கா, ஓடும்" என்றார்.

"அவர் குறைக்கேல்லையே" என்றார் அக்கா. ஈரக் கப்பலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஓடு மட்டுமில்லை, தம்பி. ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு மரத்தையும் உயத்தியிருக்கிறார்" என்றார்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். அளவு சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்வெட்டி பிடிக்காத கைக்கு நம்பிக்கை அதிகம்.

அடுத்த கிழமை அக்கா, இருபது வருடத்துக்கு மேலாக மிதிக்காத கரைக்குப் போனார். ஆறு பேரின் வீட்டுக்கும் போனார். நான் கூடப் போய் ஒவ்வொரு வாசற் படலையிலும் நின்றேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வசனம்: "என்ரை மனிசன்தான் பிழை. நான் அளந்து பாத்திட்டன். பொறுத்துக்கொள்ளுங்கோ." ஒரு வீட்டில் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு வீட்டில் கதிரை போடவில்லை. ஆறாவது வீட்டை விட்டு வெளியே வந்து, செருப்பில் ஏறிய மணலைத் தட்டிவிட்டு, "முடிஞ்சுது" என்றார்.

அதன்பின் அக்கா கப்பல் செய்யவில்லை. ஊசி, அரம், பிளேட் எல்லாவற்றையும் மாச் சாக்குத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். அத்தானின் திவசத்துக்கு அயல் முழுவதையும் அழைத்துச் சோறு போடுகிறவர், அந்த வருடம் முதல் ஒருவரையும் அழைக்கவில்லை. படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுத் தனியே இருந்து சாப்பிட்டார். எனக்கும் ஒரு இலை போடுவார். நான் சாப்பிட்டேன். அந்தச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

பிறகு ஒரு மார்கழியில் பெரும் புயல் ஒன்று வந்தது. முல்லைத்தீவுக் கரையைக் கடல் ஏறி வழித்தது. சில கிழமை கழித்து நானா சைக்கிளில் வந்து படலையில் இறங்கினார். முகத்தில் களை இல்லை. கடையும் போய், சரக்கும் போய் வந்திருந்தார். இருந்தும் முதலில் சொன்னது இதுதான்:

"மாஸ்ரர், உங்கடை அத்தான்ரை மரமும் விழுந்து போச்சு. அடியிலை, கயித்துச் சுத்து முடியிற வரைக்கும் பாலை, அதுக்கு மேலைதான் தேக்கு. பாலைக் கட்டையிலை பொருத்தி, கயித்தாலை வரிஞ்சு நட்டிருக்கிறாங்கள். நாங்கள் இவ்வளவு காலமும் ஒரே மரம் எண்டு நினைச்சம்."

கயிறு சுற்றியிருந்த இரண்டு முழமும், மணலுக்குள் இருந்த ஆறு முழமும் கப்பலின் மரமே அல்ல. அத்தானின் பாய்மரம் இருபத்துநாலு முழம். அக்காவின் கப்பலில் நான் எட்டு முழத்தைக் கூட்டி நட்டிருக்கிறேன். அந்த உயரத்துக்கு ஏற்றபடிதான் அக்கா பாயும் வெட்டினார்.

"அக்காட்டைச் சொல்லாதேங்கோ நானா. நான் சொல்லுறன்."

நானா சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். "நானாய்ச் சொல்லமாட்டன். ஆனா அவா கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன்."

அக்கா கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. நாளைக்கு, சூடடிப்பு முடியட்டும், அக்காவின் இருமல் சுகப்படட்டும் என்று நான்கு வருடம் போயிற்று. அவருக்கு ஒருவாறு அமைதி வந்துவிட்டது, அதை ஏன் குலைக்க வேண்டும் என்று பிறருக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னேன். அது அமைதியல்ல. அத்தானின் படத்துக்கு நேரே உட்காருவதை அவர் நிறுத்தியிருந்தார். அதைக் கண்டும் நான் சும்மா இருந்தேன். சென்ற வருடம் ஆஸ்பத்திரியில், அக்காவின் கடைசி நாளுக்கு முதல்நாள்தான் சொன்னேன். அந்தப் பேச்சைக் கடைசியில் எழுதுகிறேன். இங்கே எழுதினால் மிச்சத்துக்குக் கை வராது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், அலுமாரியிலிருந்து கப்பலை இறக்கி, மரத்தில் நாலு அங்குலம் வெட்டினேன். பாயையும் அதற்கேற்பச் சிறுப்பித்தேன். அதே குளம், அதே சோளகம், அதே வள்ளக்காரர். மணல் ஒரு சிட்டிகையும் குறைக்கவில்லை. முதல் வீச்சில் கப்பல் சரிந்தது, தட்டு நனையும்வரை சரிந்தது, பிறகு எழும்பிற்று. ஒன்பது முறை விட்டோம். ஒன்பது முறையும் கரைப் புல்லில் போய் முட்டி நின்றது. வள்ளக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கப்பலைத் துடைத்தார்.

அன்று கடலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. குளத்தில் விட்ட கப்பல் முழுச் சாட்சி ஆகாது. ஆனால் எந்தச் சாட்சியை வைத்து அக்கா தன் கணவரைக் குற்றவாளியாக்கினாரோ, அந்தச் சாட்சி பொய். பொய் சொன்னவன் நான். அத்தான் ஏற்றிய பாரத்தை அந்தக் கப்பல் தாங்கக்கூடியது. இதை இந்த மலரில் அச்சில் எழுதுகிறேன்.

ஆறு வீடுகளில் ஐந்துக்கு இந்த ஒரு வருடத்தில் போய்விட்டேன். ஒரு குடும்பம் புயலோடு திருகோணமலைப் பக்கம் போய்விட்டதாம். தேடிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது வீட்டில், முன்பு பாயை விட்டு எழுந்து போன இருவரில் ஒருவர் இருந்தார். தலை வெளுத்த அந்த அம்மா நான் சொன்னதெல்லாம் கேட்டார்.

"கொக்கா வந்து அழுதவா. நானும் சேர்ந்து அழுது, போகட்டும் எண்டு விட்டனான். இப்ப நீ வந்து அது பிழையெண்டுறாய். அப்ப நான் ஆரைக் கோவிக்கிறது?"

"என்னைக் கோவியுங்கோ அம்மா."

"உன்னைக் கோவிச்சு என்ன செய்ய. ஒரு மரம் அளக்கத் தெரியாத மாஸ்ரர்." பிறகு, "அவவின்ரை திவசம் எப்ப?" என்றார். திவசத்தன்று அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறார். உறவினர் அவரை முன்வரிசையில் இருத்தவேண்டும்.

அக்காவின் நோயில் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், பாடை சுமந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், வள்ளம் தந்தவருக்கும், சொன்ன சொல் காத்த நானாவுக்கும், இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. படலையில் என்னைத் திருப்பி அனுப்பாத ஐந்து வீட்டாருக்கும் நன்றி என்ற சொல் காணாது. வேறு சொல் என்னிடம் இல்லை.

இனி அந்தப் பேச்சு.

பின்னேரம். வார்ட்டில் சனம் கலைந்துகொண்டிருந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லு. மூச்சு வாங்கிறது எனக்கு, உனக்கில்லை."

"முல்லைத்தீவிலை நான் கிண்டிப் பாக்கேல்லை. மரம் ரெண்டு துண்டாம். கீழ்த்துண்டு கப்பலிலை இருந்ததில்லை."

அவர் கண்ணை மூடினார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"எத்தினை முழம் கூட?"

"எட்டு."

போர்வையின் மேல் விரல்கள் மெல்ல மடிந்தன. "நாலு அங்குலம். பாயும் பெருத்துப் போச்சு." பிறகு, "எப்ப தெரியும்?"

"புயல் வந்த வருசம்."

அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டிருக்காது. தாதி வந்து, நேரமாகிவிட்டது, வெளிக்கிடுங்கோ என்றார். நான் எழுந்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் பலம் இருந்தது.

"உன்ரை அத்தானை ஆறு வீட்டு வாசலிலை விட்டிட்டு வந்திட்டன், தம்பி. நீ போய்க் கூட்டிக்கொண்டு வா."